பின் சக்கரத்துக் காற்று

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வேண்டுமானால் இருந்திருக்கலாம். இன்று எனக்குச் சொந்தமாக ஐஸ் பாக்டரி இருக்கிறது, லாரிகள் ஓடுகின்றன. மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் எந்தக் குப்பத்தில் போய் இறங்கினாலும் முதலில் நாற்காலி வரும், அப்புறம் டீ வரும். இதெல்லாம் என் தகப்பன் வைத்துவிட்டுப் போனதில்லை. அவர் வைத்துவிட்டுப் போனது ஒரு கட்டுமரத்தில் பாதிப் பங்கு. மீதிப் பங்குக்காரன் அதையும் தனக்கே என்று வைத்துக்கொண்டான். எனக்கு எல்லாம் கொடுத்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அதன் பின் சக்கரம் ஒரு சமயம் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்ளவும் பார்த்தது.

எழுபதுகளில் நடந்தது இது. அதற்கு முன்னால் எங்கள் கரையில் இறாலை யாரும் பெரிய சரக்காக மதித்ததில்லை. குழம்புக்குப் போக மிச்சத்தை மணலில் காயவைத்து விற்றுவிடுவார்கள். திடீரென்று, கப்பலில் வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனிகள் மெட்ராசில் முளைத்தன. அதில் ஒரு கம்பெனியின் வேன் தினமும் காலையில் செங்கல்பட்டுக்கு வந்து, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நிற்கும். சுற்றுப்பக்கத்துக் கரைகளிலிருந்து வருகிற இறாலை அங்கேயே தரம் பிரித்து, எடை போட்டு, ஏற்றிக்கொண்டு மெட்ராசுக்குக் கிளம்பிவிடும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த எங்கள் குப்பத்து இறாலை அந்த மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்க்கிற வேலையை நான் பிடித்தேன்.

பிடித்தேன் என்றால், சும்மா கிடைக்கவில்லை. மற்றவர்கள் கூடையைப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு வருவார்கள். கண்டக்டர் நாற்றம் என்று இறக்கிவிடுவான். சைக்கிளில் வருகிறவன் வந்து சேருவதற்குள் ஐஸ் கரைந்து இறாலின் தலை கறுத்துவிடும். தலை கறுத்தால் ஏஜெண்டு தொட மாட்டார். மோட்டார் சைக்கிளில் கொண்டுவரலாம் என்று முதலில் யோசித்தவன் நான்தான். மதுராந்தகம் பக்கத்து ரைஸ்மில்காரர் ஒருவரிடம் பழைய வண்டியை வாங்கி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி உட்காருகிற மாதிரி நானே அளவு சொல்லி இரும்பு கேரியர் அடித்தேன். பெட்டிக்குள் தகரம், தகரத்துக்குள் ஐஸ், ஐஸுக்குள் இறால், மேலே ஈரச் சாக்கு. வேனை விட்டு இறங்கி வந்து ஏஜெண்டே அந்த கேரியரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்த என்ஜினியர் போட்ட கணக்கு என்று கேட்டார். என்னுடைய கணக்குத்தான் என்றேன். நம்பவில்லை. படித்தவர்.

ஆறு மாதம் ராஜா மாதிரி ஓட்டினேன். பிறகு ஒரு நாள் பின் டயரில் கருவேல முள் ஏறியது. அது சாதாரண பஞ்சர். முள்ளைப் பிடுங்கி, ஒட்டுப் போட்டு, மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு வந்ததுதான் அதிசயம்.

பஞ்சர் என்றால் புஸ்ஸென்று போக வேண்டும். நாலு பேருக்குத் தெரிய வேண்டும். இது அப்படி இல்லை. குப்பத்தில் லோடு ஏற்றும்போது டயர் கட்டை மாதிரி இருக்கும். மாமல்லபுரம் தாண்டும்வரை ஒன்றும் தெரியாது. திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் படும்போது வண்டியின் பின்பக்கம் லேசாக வாலாட்டும். இறங்கி அழுத்திப் பார்த்தால் கட்டைவிரல் பழுத்த மாம்பழத்தில் போகிற மாதிரி உள்ளே போகும். பம்பை எடுத்து அடி அடி என்று அடித்து, ஏறி உட்கார்ந்து ஓட்டினால் செங்கல்பட்டு வரைக்கும் தாங்கும். ஆனால் அடிக்கிற நேரத்துக்கு வேன் பொறுக்குமா?

ஏஜெண்டு ஒரு நாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "இதோ பாருய்யா, வேனுக்காக உன் பெட்டி காத்திருக்கலாம். உன் பெட்டிக்காக வேன் காத்திருக்காது. இன்னொரு தடவை லேட்டாச்சு, உங்க குப்பத்தை ஜீப்காரன்கிட்ட விட்டுடுவேன்."

ஜீப்காரன் என்பவன் கோவளம் பக்கத்து இறாலைக் கேளம்பாக்கம் வழியாகக் கொண்டுவருகிறவன். எப்போதும் எனக்கு முன்னால் வந்துவிடுவான். ஜீப்பின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு டீயை ஊதி ஊதிக் குடிப்பான். என்னைக் கண்டால் அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னா அண்ணாத்த, ஓட்டிகினு வந்தியா, தள்ளிகினு வந்தியா?"

"நாளைக்கு என் பின்னாடி வந்து பாருடா, தெரியும்."

"உன் பின்னாடி வந்தா நான் என்னைக்கு மெட்ராசுக்கு எறா அனுப்புறது?"

மரத்தடியில் எல்லாரும் சிரிப்பார்கள். வேன் டிரைவரும் சிரிப்பான். நானும் சிரித்து வைப்பேன். ஆனால் குப்பத்து வேலை போய்விட்டால் வண்டி வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுபடியும் அடுத்தவன் கட்டுமரத்தில் கூலிக்குப் போய் துடுப்புப் போட வேண்டியதுதான். ஒரு தரம் மோட்டார் சைக்கிளில் ஊரைச் சுற்றிவந்தவன் எப்படித் திரும்பிப் போய் அந்தக் கட்டையில் உட்காருவான்?

பஞ்சர் கடைக்காரன் டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் தொட்டியையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு மூலையில் கடுகளவு குமிழி ஒன்று வரும். யோசித்து இன்னொன்று வரும். "இதான் ஆளு!" என்று அதை விரலால் அமுக்கி, தேய்த்து, ஒட்டுப் போடுவான். டயருக்குள் கையை விட்டுத் துழாவுவான். "உள்ள ஒண்ணும் இல்ல அண்ணாத்த, வழவழன்னு கீது." இரண்டு நாள் சும்மா இருக்கும். பிறகு பழைய கதை.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். வால்வு ஒழுகுகிறது என்றான் ஒருவன். எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பார்த்தேன், குமிழி வரவில்லை. பெட்டியிலிருந்து வடிகிற உப்புத்தண்ணீர் ரிம்மை அரித்து டியூபைக் கடிக்கிறது என்றான் இன்னொருவன். ரிம்மை உப்புத்தாளால் தேய்த்து, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து உள்ளே பட்டை போட்டேன். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் புது டியூபே வாங்கிப் போட்டேன். புது டியூப் பழைய டியூபைவிட மோசமாக இளைத்தது.

என் வீட்டுக்காரி மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஒரே பேச்சாக இருந்தாள். திருஷ்டி.

அவளும் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள்தான். இறாலின் தலையைத் தொட்டுப் பார்த்தே அது எப்போது வலையில் ஏறியது என்று சொல்லிவிடுவாள். அப்போது நாங்கள் செங்கல்பட்டில், அந்த வேப்பமரத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் விடியற்காலையில் கரைக்குக் கிளம்பிப் போவேன். சரக்கோடு திரும்பும் நேரத்துக்கு அவள் மரத்தடிக்கு வந்து நிற்பாள். தரம் பிரித்துப் போடுவது அவள் வேலை.

"குப்பத்துல வேற யார்னா மோட்டார் சைக்கிள் வச்சிகினு கீறானா? நீ ஒருத்தன்தான். போற வழியெல்லாம் கண்ணு. டயரு என்னா பண்ணும் பாவம்?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் நான் வண்டியில் வந்தால் பார்க்கிற மாதிரிதான் இருப்பேன்.

அந்தக் கருவேல முள் ஏறிய நாளிலிருந்தே அவள் வெள்ளிக்கிழமை தோறும் வண்டிக்குத் திருஷ்டிச் சரம் கட்ட ஆரம்பித்துவிட்டாள். எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், நடுவில் ஒரு கரித்துண்டு. எல்லாரும் நூலில் கோர்ப்பார்கள். அவள் பிறந்த வீட்டு வழக்கப்படி இரும்பில்தான் கோர்க்க வேண்டும். இரும்பைக் கண்டால்தான் கெட்டது ஓடுமாம். கம்பி கேட்டாள். நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. அறுந்துபோன கிளட்ச் ஒயர் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தேன், அதைக் கொடுத்தேன். அவள் அதன் முறுக்கைப் பிரித்து ஒவ்வோர் இழையாக எடுத்தாள். இழை ஊசியைவிட மெலிசு, ஆனால் விறைப்பு. பழத்தில் வைத்தால் சரக்கென்று இறங்கும். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

புதுச் சரத்தை ஹேண்டில்பாரில் கட்டினால் பழைய சரத்தை என்ன செய்வது? மற்றவர்கள் முச்சந்தியில் போடுவார்கள். இவள் அதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள். எந்தச் சக்கரத்துக்குக் கண் பட்டதோ அந்தச் சக்கரமே மிதித்து நசுக்க வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நான் உதைத்து ஸ்டார்ட் செய்யும்போது பழைய சரத்தை, கம்பியும் பழமுமாக, பின் சக்கரத்துக்கு அடியில் வைப்பாள். நான் ஏற்றிவிட்டுப் போவேன். எலுமிச்சம்பழம் பட்டென்று வெடிக்கும். "போச்சு, எல்லாம் போச்சு!" என்பாள். எனக்கும் மனசு லேசாகிவிடும்.

காற்று இறங்க இறங்க அவளும் விடவில்லை. ஒற்றை இழை போதாது என்று இரண்டு இழையை முறுக்கினாள். ஒரு பழம் போதாது என்று மூன்று பழம் கோர்த்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஆடி வெள்ளி ஒன்று வந்தது.

அன்றைக்குக் கரையில் இறால் கொள்ளையாகப் பட்டிருந்தது. இரண்டு பெட்டியும் நிறைந்து, மேலே ஒரு கூடையையும் வைத்துக் கட்டினேன். ஏஜெண்டின் எச்சரிக்கை காதில் ஒலித்துக்கொண்டே இருந்ததால் ஒருவரிடமும் பேச்சுக் கொடுக்காமல் கிளம்பினேன். எதிரே ஆடிக் காற்று முகத்தில் அறைகிறது. ஊர் முழுக்கக் காற்று, என் டயரில் மட்டும் இல்லை. அன்றைக்கு அது மலை தெரிகிற வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை. மாமல்லபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே வாலாட்டிவிட்டது. பம்பு போட்டேன். ஏறி உட்கார்ந்தால் மறுபடியும் சப்பையாகிவிட்டது. இன்னும் ஒரு தடவை அடித்தேன். அடிக்கிற வேகத்திலேயே இறங்கியது.

இனி கழற்றிப் பார்க்காமல் வழியில்லை. பெட்டிகளை இறக்கிப் புளியமரத்து நிழலில் வைத்துச் சாக்கை நனைத்துப் போட்டேன். சக்கரத்தைக் கழற்றி டயரை நெம்பிக்கொண்டிருக்கும்போது செங்கல்பட்டுப் பஸ் கடந்து போயிற்று. பின் சீட்டில் எங்கள் பக்கத்துக் கூடைக்காரப் பெண்கள். ஒருத்தி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்.

"இன்னா அண்ணாத்த, எறாவுக்கு காத்து வாங்கறியா?"

பஸ்ஸே சிரித்துக்கொண்டு போயிற்று. நான் பதிலுக்கு ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

டியூபில் ஒன்றுக்கு இரண்டாக ஓட்டை இருந்தது, குண்டூசி முனை அளவுகூட இல்லை. இப்போது நான் ஒரு காரியம் செய்தேன். பஞ்சர் கடைக்காரன் டயரைச் சும்மா வைத்துக்கொண்டு துழாவுவான். எனக்கு ஒன்று தோன்றியது: லோடு இல்லாதபோது ஒரு நாளும் காற்று இறங்கியதில்லையே? அப்படியென்றால், கனம் ஏறும்போது மட்டும் தலையை நீட்டுகிற ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. டயரை ரோட்டில் நிற்க வைத்து, என் முழங்காலால் மேலிருந்து சப்பையாக அழுத்தி, அழுந்திய இடத்தில் உள்பக்கமாக விரலை ஓட்டினேன். கொஞ்சம் உருட்டி, மறுபடி அழுத்தி, மறுபடி ஓட்டினேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். பாதிச் சுற்று போவதற்குள் சுருக்கென்று விரலில் ஏறியது.

ரத்தம் வந்தது. எனக்கோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன். நகத்தளவு நீளம், மயிர் மாதிரி மெலிசு, விறைப்பான இரும்பு இழை. இன்னும் உருட்டினேன். இன்னொன்று. அப்புறம் இரண்டு சேர்த்து முறுக்கினது ஒன்று. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இது எங்கேயோ பார்த்த சாமானாக இருக்கிறதே என்று யோசித்தேன். தலையைத் தூக்கினேன். எதிரே ஸ்டாண்டில் நிற்கிற வண்டி. ஹேண்டில்பாரில் அன்று காலையில் கட்டிய புதுச் சரம் ஆடிக் காற்றில் ஜம்மென்று ஆடுகிறது. மூன்று பழத்துக்கும் நடுவில் அதே இழை பளபளக்கிறது.

கொஞ்ச நேரம் எனக்குக் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. ஜீப்காரனையும் வழியெல்லாம் கண் வைத்தவர்களையும் நான் மனசுக்குள் வைத வசவெல்லாம் என் கிளட்ச் ஒயருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது.

ஆனால் சிரிக்கவும் நேரமில்லை. மிச்ச இழைகளைத் தேடிப் பிடுங்கி, டியூபைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்கிறவரை வாயால் ஊதி, ஒட்டுப் போட்டு, மாட்டி, காற்றடித்து, பெட்டி ஏற்றிக் கட்டினேன். தனி ஆளாக. நிமிர்ந்து வெயிலைப் பார்த்தேன். வேன் கிளம்புகிற நேரம் எப்போதோ ஆகியிருந்தது. ஆனாலும் விடவில்லை. வேன் போயிருந்தால் மெட்ராஸ் ரோட்டில் துரத்திப் பிடித்து ஏற்றிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு முறுக்கினேன். அன்றைக்கு அந்த வண்டி போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ரயில்வே கேட் தாண்டியதும் பார்க்கிறேன், வேன் மரத்தடியிலேயே நிற்கிறது. என் கண்ணை நானே நம்பவில்லை.

வேனைச் சுற்றிக் கூட்டம். ஏஜெண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருக்கிறார். டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறான். என் வீட்டுக்காரி தட்டில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வேனைச் சுற்றி வருகிறாள். எப்படி? நாலு அடி வைக்கிறாள், நிற்கிறாள், கண்ணை மூடுகிறாள், உதட்டை அசைக்கிறாள், பிறகு அடுத்த அடி. கற்பூரம் அணையப் போகும்போது இடுப்பிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துப் போடுகிறாள்.

"ஏம்மா, இன்னும் எத்தனை சுத்து?" என்கிறார் ஏஜெண்டு.

"ஆடி வெள்ளி சார். சாமி காரியத்துல பேஜாரு பண்ணாத. நாலு டயருக்கும் பழம் வெக்கணும், பூசணிக்கா ஒடைக்கணும்."

"டிரைவர், வண்டியை எடுய்யா!"

"பாதியில எடுக்கமாட்டேன் சார்," என்றான் டிரைவர், கூப்பிய கையைப் பிரிக்காமல். "நான் புள்ளகுட்டிக்காரன். கற்பூரம் எரியும்போது சாவியைத் திருப்பச் சொல்றியே, நல்லாகீதா? வேணும்னா நீயே ஓட்டிகினு போ."

ஏஜெண்டுக்கு ஓட்டத் தெரியாது.

ஜீப்காரன் வழக்கம்போல ஜீப் மேல் உட்கார்ந்திருந்தான். குப்பத்து வேலை அன்றைக்குத் தன் கைக்கு வந்துவிடும் என்று காத்திருந்த முகம். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. சாமி காரியத்தைக் குறை சொன்னான் என்று ஆகிவிடும் அல்லவா!

நான் வண்டியை நிறுத்தினேன். அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். அடுத்த நிமிஷம் மீதிச் சுற்று முழுவதும் ஓட்டமும் நடையுமாக முடிந்தது. பூசணிக்காய் உடைந்தது. பழங்களை வைத்தாள். "ஆச்சு சார், நீ கெளம்பு. அதுக்குள்ள எங்க ஊட்டுக்காரரு சரக்கையும் ஒரு கை ஏத்திக்கோ."

ஏஜெண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். படித்தவர்தான், முட்டாள் இல்லை. சாக்கை விலக்கி, பெட்டியின் அடியில் கையை விட்டு ஓர் இறாலை எடுத்துத் தலையைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. நான் கட்டிய பெட்டி, வேறு எப்படி இருக்கும்?

"டயர் சரியாயிடுச்சா?" என்றார்.

"இனி ஜென்மத்துக்கும் போவாது சார்."

"ஏத்து," என்றார்.

வேன் நாலு பழத்தையும் நசுக்கிக்கொண்டு போயிற்று. அவை வெறும் பழங்கள், கம்பி இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் இழைகளை அவள் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். வெட்கப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். எங்கே?

"டயர்ல குத்திச்சி, சரி. உன் மேல குத்தலியே! உனக்கு வர வேண்டியத டயரு வாங்கிகிச்சி."

"ஏய், குத்தினதே நீ கட்டின கம்பிதான்!"

"அதான் சொல்றேன். வேலை செய்யுது."

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தேன். சரத்தை நூலில் கோர்க்க வேண்டியது. இரும்பு இல்லாமல் ஆகாது என்றால் நூலின் முனையில் ஒரு பழைய நட்டைக் கட்டிக்கொள்ளலாம். நட்டு இரும்புதான், ஆனால் குத்தாது. இதுவும் என் யோசனைதான். அவள் நட்டைக் கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, கம்பியைவிட இதில் இரும்பு நிறைய இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பின் சக்கரம் என்னை ஒரு நாளும் ஏமாற்றவில்லை. நான் வேனுக்கு முன்னாலேயே போய் மரத்தடியில் காத்திருக்க ஆரம்பித்தேன். மழைக்காலம் வருவதற்குள் ஏஜெண்டு பக்கத்து இரண்டு குப்பங்களையும் என்னிடமே கொடுத்துவிட்டார். வேன் டிரைவர் வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வாசலில் வந்து நின்று ஒரு சரம் வாங்கிக்கொண்டு போவான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜீப்காரனும் வந்தான். வாசலுக்கு வெளியே நின்று தலையைச் சொறிந்தான்.

"அண்ணாத்த, உனக்கு நல்லா போய்கினு கீது. அண்ணிகிட்ட சொல்லி நம்ம ஜீப்புக்கும் ஒண்ணு கட்டிக் குடேன்."

நான் பெரிய மனசோடு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"யோவ், இவருக்கு நூல்லயா, கம்பிலயா?"